அம்மா நேரில் வராமலேயே நோட்டரி முத்திரை வாங்கித் தருகிறார்களாம், இது சரிதானா?

கடைசிப்பக்கம்

அப்பா காலமான பிறகு குடும்ப ஓய்வூதியத்தை அம்மா பெயருக்கு மாற்ற அலைந்துகொண்டிருக்கிறேன். ஓய்வூதிய ஆணையில் அம்மா பெயருக்கு முன்னால் தாத்தாவின் இனிஷியல். ஆதாரிலும் வங்கிப் புத்தகத்திலும் அப்பாவின் இனிஷியல். இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று ஒரு பிரமாணப் பத்திரம் கேட்கிறார்கள்.

சரி என்று நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு டைப்பிங் சென்டருக்குப் போனேன். விவரம் கேட்டு ஆங்கிலத்தில் அடித்துக் கொடுத்தார்கள். அம்மாவுக்கு மூட்டுவலி, எப்போது அழைத்து வரட்டும் என்று கேட்டேன். "அம்மா எதுக்கு? வீட்ல கையெழுத்து வாங்கிட்டு வாங்க, ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு குடுங்க, சீல் நாங்க வாங்கித் தர்றோம்" என்றார் அங்கிருந்தவர்.

எனக்கு வசதிதான். ஆனால் தாளின் அடியில் "என் முன்னிலையில் உறுதிமொழி எடுத்துக் கையெழுத்திட்டார்" என்று ஒரு வரி இருக்கிறது. யார் முன்னிலையில்? அம்மா அந்த நோட்டரியைப் பார்த்ததே இல்லை. உண்மையில் நோட்டரி என்னதான் செய்ய வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சும்மாஒருவன்

பெரிதாக யோசிக்காதீர்கள். நானும் இப்படி ஏழெட்டு முறை வாங்கியிருக்கிறேன். கேஸ் இணைப்பு, பள்ளிச் சேர்க்கை, தொலைந்த மதிப்பெண் பட்டியல் என எல்லாவற்றுக்கும். யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. வாங்கிப் பார்க்கிற குமாஸ்தாவுக்குச் சிவப்பு ஸ்டாம்பும் வட்ட சீலும் இருந்தால் போதும்.

வட்டமுத்திரை

நான் வழக்கறிஞர், சில ஆண்டுகளாக நோட்டரியும்கூட. சும்மாஒருவன் சொல்வது நடைமுறையில் நடப்பதுதான், மறுக்க மாட்டேன். அது எங்கள் தொழிலுக்கு அவமானம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நோட்டரி முத்திரை வைத்தால் தாளில் உள்ள விஷயம் உண்மை என்று ஆகாது. உங்கள் அம்மாவின் இரண்டு இனிஷியலும் ஒரே ஆளுடையதா என்பது எனக்கு எப்படித் தெரியும்? அதற்கு அவர்தான் பொறுப்பு, பொய் என்றால் வழக்கும் அவர் மேல்தான். நான் சான்று சொல்வது வேறு: இந்த நாளில், இந்த ஆள் என் எதிரில் வந்தார், இன்னார் என்று எனக்குத் திருப்தியாகும்படி அடையாளம் காட்டினார், எழுதியிருப்பதைப் புரிந்துகொண்டார், இது உண்மை என்று உறுதி சொன்னார், என் கண்முன்னால் கையெழுத்திட்டார். என் வேலை அவ்வளவுதான். இப்போது பாருங்கள், ஆள் வரவே இல்லை என்றால் அந்த முத்திரை எதைச் சொல்கிறது? ஒன்றையும் சொல்லவில்லை. பொய் சொல்கிறது என்றால் இன்னும் சரி.

இந்த அதிகாரம் 1952-ஆம் ஆண்டின் நோட்டரிகள் சட்டத்திலிருந்து வருகிறது. நடைமுறை முழுக்க 1956-ஆம் ஆண்டின் விதிகளில் இருக்கிறது. 10 ஆண்டு வழக்கறிஞராக இருந்தவர் விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் 7 ஆண்டு. மத்திய அரசும் நியமிக்கும், மாநில அரசும் நியமிக்கும். சான்றிதழ் 5 ஆண்டுக்கு, அப்புறம் புதுப்பிக்க வேண்டும். எந்தப் பகுதிக்கு நியமித்தார்களோ அங்கே மட்டும்தான் முத்திரை போடலாம். முத்திரையும் இஷ்டப்படி அல்ல: ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம், அதில் பெயர், பகுதி, பதிவு எண், நியமித்த அரசின் பெயர், 'நோட்டரி' என்ற சொல், எல்லாம் இருக்க வேண்டும். எண் இல்லாத முத்திரையைக் கண்டால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

சும்மாஒருவன் ஏழெட்டு முறை தப்பித்ததற்குக் காரணம், அந்தத் தாள்களை யாரும் எதிர்க்கவில்லை. அவ்வளவுதான்.

கடைசிப்பக்கம்

நன்றி ஐயா. அப்படியென்றால் வீட்டில் கையெழுத்து வாங்கி வைத்திருக்கும் தாள் வீணா? அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது, அதையும் சொல்ல வேண்டும்.

வட்டமுத்திரை

வீண்தான். ஏற்கெனவே போட்ட கையெழுத்தைக் காட்டி "இது என்னுடையதுதான்" என்று ஒப்புக்கொள்வது சில வகை ஆவணங்களுக்குப் பொருந்தலாம். பிரமாணப் பத்திரத்துக்குப் பொருந்தாது. அங்கே முக்கியம் சத்தியம் எடுப்பது. சத்தியத்தை ஜெராக்ஸ் எடுத்து அனுப்ப முடியாதே.

ஆங்கிலம் தெரியாது என்பது நல்ல கேள்வி, பலரும் விட்டுவிடுவது. பத்திரத்தைத் தமிழிலேயே எழுதலாம், எந்தத் தடையும் இல்லை. ஓய்வூதிய அலுவலகம் ஆங்கிலத்தில்தான் வேண்டும் என்றால், நோட்டரி வரி வரியாகத் தமிழில் படித்து விளக்க வேண்டும். அப்படி விளக்கியதையும் அவர் புரிந்துகொண்டதையும் சான்று வரியிலேயே எழுத வேண்டும். கைநாட்டு வைப்பவர், கண் தெரியாதவர் என்றால் இது இன்னும் கட்டாயம். நான் கூடுதலாக ஒன்று செய்வேன். பத்திரத்தை மூடி வைத்துவிட்டு "அம்மா, இதில் என்ன எழுதியிருக்கு, நீங்க சொல்லுங்க" என்று கேட்பேன். பதில் வந்துவிட்டால் பேனாவைக் கொடுப்பேன். ஒருமுறை ஒரு பாட்டி, "பேரனுக்குப் படிப்புக் கடன் வாங்கக் கையெழுத்து" என்றார். தாளில் இருந்தது வீட்டில் அவருடைய பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம். கூட வந்தவர்கள் அன்றைக்கு என்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

மூட்டுவலி என்றால் நோட்டரி உங்கள் வீட்டுக்கு வரலாம், அவருடைய பகுதிக்குள் வீடு இருந்தால் போதும். பயணச் செலவு தனி. போடுகிற ஒவ்வொரு முத்திரையையும் வரிசையாக எழுதி வைக்கும் பதிவேட்டையும் அவர் கையோடு கொண்டுவர வேண்டும், அதைக் கேட்டு வாங்கி அம்மாவைக் கையெழுத்திடச் சொல்லுங்கள்.

பழைய குமாஸ்தா

பதிவேடு என்ற சொல் வந்ததால் நுழைகிறேன். நான் 30 ஆண்டுக்கு மேல் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன்.

ஒரு கடன் வழக்கு. பணம் வாங்கியதாக நோட்டரி முத்திரையோடு ஒரு ஒப்பந்தம், எங்கள் கட்சிக்காரர் தாக்கல் செய்தது. எதிர்க்கட்சிக்காரர் "கையெழுத்து என்னுடையதல்ல, அந்த நோட்டரியை நான் பார்த்ததே இல்லை" என்றார். நோட்டரியைச் சாட்சியாக அழைத்தோம். பதிவேட்டோடு வரச் சொல்லி சம்மன். வந்தார், பதிவேடும் வந்தது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்த வரிசை எண்ணைத் தேடினால் அந்த எண்ணில் வேறு யாரோ ஒருவருடைய பெயர் மாற்றப் பத்திரம் இருந்தது. குறுக்கு விசாரணை ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எங்கள் ஆள் பணம் கொடுத்தது உண்மை என்றுதான் இன்றும் நம்புகிறேன். ஆனால் காட்டுவதற்கு ஒன்றுமில்லாமல் போயிற்று. முத்திரை இல்லாமல் இரண்டு சாட்சியோடு வெறும் தாளில் எழுதியிருந்தால்கூடப் பிழைத்திருப்பார், ஏனென்றால் அந்தப் பொய் எண்தான் மற்ற எல்லாவற்றையும் சந்தேகத்துக்குள்ளாக்கியது.

ஆகவே கேட்க வேண்டியது சீல் அல்ல, பதிவேடு. அதில் வரிசை எண், தேதி, உங்கள் பெயர், முகவரி, ஆவணம் என்ன, எவ்வளவு நோட்டரி ஸ்டாம்பு ஒட்டியது, கட்டணம், ரசீது எண் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. கடைசியில் உங்கள் கையெழுத்துக்கும் ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தில் நீங்கள் கையெழுத்துப் போடவில்லை என்றால் அங்கே நீங்கள் போகவில்லை என்றுதான் அர்த்தம்.

சும்மாஒருவன்

நீதிமன்ற வாசலில் ஒரு நோட்டரிக்கு ஒரு நாளைக்கு எத்தனை தாள் வருகிறது என்று யாராவது பார்த்திருக்கிறீர்களா? மரத்தடியில் குடையும் மேசையும் போட்டு உட்கார்ந்திருப்பவர் ஒவ்வொருவருக்கும் பத்துக் கட்டம் நிரப்பி, கதை கேட்டு, விளக்கி... நடக்கிற காரியமா?

வட்டமுத்திரை

நடக்கிற காரியம்தான். எண்ணிக்கை குறையும், அவ்வளவே. அரசு விதித்த கட்டணம் மிகக் குறைவு என்ற புலம்பல் எங்களிடம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. அதற்காகப் பார்க்காத ஆளைப் பார்த்ததாக எழுத முடியாது.

இன்னொன்றும் சொல்கிறேன், தொழில் நண்பர்கள் கோபித்துக்கொள்ளட்டும். கட்டணப் பட்டியலை அலுவலகத்தின் உள்ளேயும் வெளியேயும் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும், வாங்கிய பணத்துக்கு ரசீது தர வேண்டும் என்றெல்லாம் விதியிலேயே இருக்கிறது. எத்தனை இடத்தில் பார்த்திருக்கிறீர்கள்?

முன் தேதி போட்டுக் கேட்பவர்களும் வருகிறார்கள். "சார், போன மாசம் 12-ஆம் தேதி போட்டுக்குங்க." பதிவேட்டை ஒழுங்காக வரிசையாக எழுதுகிறவருக்கு இது முடியாத காரியம், நடுவில் எண் நுழைய இடமிருக்காது. முன் தேதிக்கு இடம் விட்டு வைத்திருக்கும் பதிவேடுகள் உண்டு என்று கேள்விப்பட்டால் நம்புங்கள். வெற்றிடம் விட்ட தாளிலும் நான் கையெழுத்திட மாட்டேன். நிரப்பு, இல்லையென்றால் கோடு போட்டு அடி.

யாழ்வழி

நான் இலங்கையில் இருந்து. உங்கள் உரையாடலைப் படிக்கும்போது இரண்டு நாட்டிலும் ஒரே சொல்லுக்குள் வேறு வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிகிறது. எங்கள் பக்கம் 'பிரசித்த நொத்தாரிசு' என்றால் முதலில் நினைவுக்கு வருவது காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம். காணியை விற்பது, நன்கொடை கொடுப்பது எல்லாம் நொத்தாரிசு முன்னாலும் ஒரே நேரத்தில் கூட இருக்கும் இரண்டு சாட்சிகள் முன்னாலும் எழுதிக் கையெழுத்திட்டால்தான் செல்லும். 1840-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தில் இருந்து இதுதான் முறை. உறுதியை எழுதுவதும் நொத்தாரிசுதான். தன்னிடம் ஒரு மூலப் பிரதியை வைத்துக்கொண்டு, இன்னொன்றைக் காணிப் பதிவகத்துக்கு மாதாமாதம் அனுப்ப வேண்டும்.

உங்கள் பிரமாணப் பத்திரத்துக்கு எங்களிடம் 'சத்தியக்கடதாசி' என்று பெயர். அதற்கு நொத்தாரிசைத் தேடுவதில்லை, சமாதான நீதவானிடம் போவோம்.

நிலம்தேடி

யாழ்வழி சொன்னதைப் படித்ததும் பயமாக இருக்கிறது. நான் தமிழ்நாட்டில் ஒரு மனை வாங்க முன்பணம் கொடுத்திருக்கிறேன். ஒப்பந்தத்தை நோட்டரி முன்னால் போட்டாகிவிட்டது, பதிவு தேவையில்லை என்று தரகர் சொல்கிறார். கூடவே ஒரு பவர் பத்திரமும் நோட்டரியில். போதுமா?

பழைய குமாஸ்தா

போதாது. அவசரமாகப் போய்ப் பாருங்கள். 100 ரூபாய்க்கு மேற்பட்ட அசையாச் சொத்தின் கிரையம் 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தே ஆக வேண்டும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தமும் பதிவு செய்ய வேண்டியவற்றில் சேர்ந்துவிட்டது. பவரும் ஒப்பந்தமும் சேர்த்து வைத்துக்கொண்டு சொத்து என் பெயருக்கு வந்துவிட்டது என்று சொல்ல முடியாது என 2011-இல் உச்ச நீதிமன்றம் சூரஜ் லேம்ப் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. நோட்டரி முத்திரை அங்கே ஒரு வட்டம், அவ்வளவுதான்.

பவரைப் பொறுத்தவரை இன்னொரு சிக்கல். கொடுப்பவர் இந்தியாவில் இருந்தால், அவர் சார்பில் இன்னொருவர் பத்திரத்தைப் பதிவுக்குத் தாக்கல் செய்ய, அந்தப் பவர் பதிவு அலுவலர் முன்னிலையில் எழுதிச் சான்று பெற்றதாக இருக்க வேண்டும். நோட்டரி போதும் என்ற சலுகை வெளிநாட்டில் வசிப்பவருக்கு.

வாடகை ஒப்பந்தமும் இதே கதைதான். 11 மாதம் போட்டு நோட்டரி வைத்தால் போதும் என்று எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். தமிழ்நாட்டில் 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், மாதக் கணக்கு இங்கே உதவாது.

கடல்தாண்டி

வெளிநாடு என்றதும் என் கேள்வி. நான் சிங்கப்பூரில். ஊரில் உள்ள வீட்டை விற்கத் தம்பிக்குப் பவர் கொடுக்க வேண்டும். இந்தியத் தூதரகத்துக்குப் போகாமல் இங்குள்ள நோட்டரி முன்னால் கையெழுத்திட்டால் செல்லுமா?

வட்டமுத்திரை

செல்லும். பதிவுச் சட்டம் 33-ஆவது பிரிவு இந்தியாவுக்கு வெளியே வசிப்பவர் நோட்டரி, நீதிமன்றம், இந்தியத் தூதரக அலுவலர் ஆகியோரில் யார் முன்னாலும் எழுதிக்கொடுக்கலாம் என்கிறது. ஒரு நாட்டு ஆவணத்தில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் அசல்தான் என்று அந்த நாட்டு அரசே தரும் சான்றுக்கு அப்போஸ்டில் என்று பெயர். சிங்கப்பூர் 2021 செப்டம்பரில் அந்த உடன்படிக்கைக்குள் வந்துவிட்டது, இந்தியா 2005-லிருந்து அதில் இருக்கிறது. நோட்டரி சான்றின் மேல் அங்கேயே அப்போஸ்டில் வாங்கி அனுப்பினால் நோட்டரி யார் என்ற கேள்வி இங்கே எழாது. ஆனால் சார்பதிவாளர்கள் தூதரக முத்திரையைத்தான் பார்த்துப் பழகியவர்கள். தம்பியை முதலில் அந்த அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவரச் சொல்லுங்கள், சட்டம் பேசி ஜெயிப்பதைவிட அது சுலபம்.

மறந்துவிடாதீர்கள்: பவர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் (ஸ்டாம்ப் டூட்டி) கட்ட வேண்டும். தபால் உறையைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள், வந்த தேதிக்கு அதுதான் ஆதாரம்.

நங்கூரம்

நடுவில் ஒரு கிளைக்கதை, மன்னிக்கவும். சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன் நான். எங்களுக்கு நோட்டரி என்றால் பிரமாணப் பத்திரம் நினைவுக்கு வராது. நடுக்கடலில் பெரும் புயலில் மாட்டிக் கரை சேர்ந்தால், சரக்கு நனைந்ததோ இல்லையோ, கப்பல் தலைவர் முதல் வேலையாக நோட்டரியைத் தேடுவார். இன்ன நாள் இன்ன இடத்தில் இப்படிக் காற்று, இப்படி அலை, நாங்கள் செய்தது இது என்று பதிவுப் புத்தகத்தைக் காட்டி முறையீடு எழுதி வைப்பார். பின்னால் சரக்குக்காரர் நஷ்டஈடு கேட்கும்போது அது நிற்கும். சரக்கறையைத் திறப்பதற்கு முன்பே எழுதிவிட வேண்டும் என்று எங்கள் தலைவர் பிடிவாதமாக இருப்பார்.

வட்டமுத்திரை

நங்கூரம், அது எங்கள் சட்டத்தின் 8-ஆவது பிரிவிலேயே இருக்கிறது! உண்டியல், மாற்றுச் சீட்டு போன்ற வணிகப் பணச் சீட்டுகள் பணமாகாமல் திரும்பினால் குறித்துக் கொடுப்பது, கப்பல் முறையீடு, மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பது, நீதிமன்றம் சொன்னால் ஆணையராகச் சாட்சியம் பதிவது என்று நீளும் பட்டியல். நான் இத்தனை நாளில் ஒரு கப்பல் முறையீடுகூட எழுதியதில்லை. கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது.

பட்டியலில் இல்லாத ஒன்றைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள்: கல்யாணம். நோட்டரி முன்னால் கையெழுத்திட்டுத் திருமணம், 20 நிமிடத்தில் விவாகரத்து. நாங்கள் திருமண அலுவலர்கள் அல்ல. திருமண, விவாகரத்துப் பத்திரங்களில் நோட்டரிகள் கைவைக்கக் கூடாது என்று 2024 அக்டோபரில் மத்தியச் சட்டத் துறை மறுபடியும் சுற்றறிக்கை விட்டது. அந்தத் தாளை நம்பி மறுமணம் செய்துகொண்டவர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

சும்மாஒருவன்

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஒரு நோட்டரி பொய்யாக முத்திரை போட்டுவிட்டார் என்று தெரிந்தால் என்ன செய்வது? போலீசுக்குப் போகலாமா?

பழைய குமாஸ்தா

நேராக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவது கடினம். நோட்டரி என்ற முறையில் செய்த குற்றமென்றால் அரசு அதிகாரமளித்த அலுவலர் எழுத்தில் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும், 13-ஆவது பிரிவு. ஆனால் அவரை நியமித்த அரசுக்கு நீங்கள் புகார் அனுப்பலாம், அதற்கென்று விதிகளில் படிவமே உண்டு. விசாரித்துத் தவறு என்று கண்டால் அரசு வைத்திருக்கும் நோட்டரிகள் பட்டியலிலிருந்து பெயரை நீக்குவார்கள். நோட்டரியே இல்லாதவர் முத்திரை செய்துகொண்டு உட்கார்ந்திருந்தால் அது தனிக் குற்றம், சிறைகூட உண்டு.

கடைசிப்பக்கம்

ஐந்து நாள் கழித்து வருகிறேன். டைப்பிங் சென்டர் பத்திரத்தைக் கிழித்துப் போட்டேன். வேறு ஒரு நோட்டரியை விசாரித்துப் பேசினேன், நேற்றுச் சாயங்காலம் வீட்டுக்கே வந்தார். பதிவேட்டையும் முத்திரையையும் துணிப்பையில் வைத்திருந்தார்.

பத்திரத்தைத் தமிழில் ஒவ்வொரு வரியாகப் படித்தார். மூன்றாவது வரியில் அம்மா நிறுத்தினார். "எங்க அப்பா பேர் அது இல்லையே." பழைய பத்திரத்தைப் பார்த்துத்தான் நான் புதிதாக அடித்திருந்தேன், தாத்தாவின் பெயரில் ஒரு எழுத்து தவறு. இனிஷியல் சண்டையைத் தீர்க்கப் போட்ட பத்திரத்திலேயே தாத்தா பெயர் தப்பு! திருத்தி, பக்கத்தில் அம்மாவும் நோட்டரியும் சுருக்கொப்பம் போட்டார்கள். அப்புறம் கையெழுத்து, பதிவேட்டில் இன்னொரு கையெழுத்து. மொத்தம் 25 நிமிடம்.

சும்மாஒருவன்

ரசீது கொடுத்தாரா?

கடைசிப்பக்கம்

கேட்டேன். ரசீதுப் புத்தகத்தை அலுவலகத்திலேயே விட்டு வந்துவிட்டாராம். இன்று காலை வாட்ஸாப்பில் படம் வந்தது, மூலத்தை நாளைக்குப் போய் வாங்க வேண்டும். பதிவேட்டில் ரசீது எண் கட்டம் காலியாக இருந்தது, அதையும் நிரப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு வருகிறேன்.